எல்லைச் சீமையின் கதை – 14: ஆட்சியர் மாளிகையும் ஊர்க்கோயிலும்

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயிற்று. ஏழாண்டுகள் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ஓசூரும் போயிற்று. கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக நடந்து இந்தச் சீமையை அளந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அதன் பிறகு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆங்கிலேயர் இங்கே ஆண்டார்கள். சாலை போட்டார்கள், கச்சேரி கட்டினார்கள், மத்திகிரியில் படைக்குதிரைகளுக்குப் பண்ணை வைத்தார்கள். ஓசூரின் குளிர்ச்சி பிடித்துப்போய் அதைக் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தார்கள். ஆனாலும் அவர்கள் நாட்டில் ஒவ்வொரு சிற்றூருக்கும் முகமாக நிற்பது எதுவோ, அந்த ஊர்க்கோயில் இந்தச் சீமையின் முகமாகவில்லை. ஓசூரில் ஆங்கிலேயர் கட்டியது எது என்று கேட்டால் இன்றும் நினைவுக்கு வருவது சேலம் ஆட்சியர் பிரெட் எழுப்பிய கெனில்வொர்த் மாளிகைதான். இது ஏன் இப்படி ஆயிற்று என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. நான் சொல்ல வருவது இதுதான்: ஊர்க்கோயிலை எழுப்புவது கட்டடப் பாணியும் இல்லை, ஆள்பவரின் மதமும் இல்லை. நிலத்தோடும் பிறப்பிறப்போடும் ஓரிடத்தில் கட்டுண்ட மக்கள்தான் அதை எழுப்புகிறார்கள். அப்படிக் கட்டுண்டவர்கள் இந்தச் சீமையிலும் இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை.

முதலில் ஆங்கிலக் கிராமத்துக் கோயில் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதன் உடலமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கிழக்கே திருப்பீடம் உள்ள சிறிய பகுதி, அதற்கு மேற்கே மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம், மேற்குக் கோடியில் மணிக்கோபுரம், தெற்கே ஒரு வாசல் மண்டபம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம். அக்கம்பக்கத்தில் எந்தக் கல் கிடைத்ததோ அதுவே சுவர். கிழக்கு ஆங்கிலியாவில் உடைத்த சிக்கிமுக்கிக் கல், காட்ஸ்வோல்டு மேடுகளில் தேன்நிறச் சுண்ணாம்புக் கல், கார்ன்வாலில் கருங்கல். ஒரே கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் வட்ட வளைவும், 13ஆம் நூற்றாண்டின் கூர்வளைவும், 15ஆம் நூற்றாண்டின் பெரிய கண்ணாடிச் சாளரமும் அடுத்தடுத்து நிற்கும். ஒரு தலைமுறை எழுப்பியதை அடுத்த தலைமுறை இடித்தோ நீட்டியோ உயர்த்தியோ வந்ததால் வந்த தோற்றம் அது. அதை வரைந்த ஒற்றைக் கட்டடக் கலைஞர் என்று யாரும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தத் தோற்றத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இடைக்காலத்திலிருந்தே நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடமை. திருப்பீடப் பகுதியைப் பார்த்துக்கொள்வது தசமபாகம் வாங்கும் குருவின் கடமை. கம்பளி வணிகத்தில் ஊர் செழித்த காலங்களில் நடுக்கூடம் அகன்றது, கோபுரம் உயர்ந்தது. அதே கோயிலின் திருப்பீடப் பகுதி பழைய அளவிலேயே குறுகி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். யார் செலவழித்தார்கள் என்பதைச் சுவரே சொல்லிவிடும். 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் நிலம் அநேகமாக முழுதும், ஒவ்வொரு கோயிலுக்கும் ஓர் எல்லை என்று, பங்குகளாகப் பிரிந்துவிட்டது. விளைச்சலில் பத்தில் ஒன்று அந்தந்தப் பங்கின் கோயிலுக்குச் சேர்ந்தது. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதியத் தொடங்கியது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அந்தப் பங்கையே ஏழைகளுக்குப் பொறுப்பாக்கி, அதற்கான வரியையும் அங்கேயே தண்டச் சொன்னது. வழிபாடு நடக்கும் இடம் என்பதோடு வரிக்கணக்கு, பிறப்புப் பதிவு, ஏழைப் பராமரிப்பு, இடுகாடு எல்லாம் ஒரே கோபுரத்தின் அடியில் குவிந்திருந்தன. 1836இல் தசமபாகம் பணவாடகையாக மாறியது, 1868இல் கோயில் வரியைக் கட்டாயமாக வாங்குவது நின்றது. அதுவரை அந்தக் கட்டடம் ஊரின் ஆட்சிமன்றம் போலவே இயங்கியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாராமகாலுக்குத் திரும்பினால் நிலைமை தெளிவாகும். ரீடும் மன்றோவும் இங்கே வந்தபோது அந்த வேலைகளைச் செய்ய வேறு ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நிலக்கணக்கு கர்ணத்திடம் இருந்தது. வரி தண்டுவது மணியக்காரர் பொறுப்பு. கோயிலுக்கும் குளத்துக்கும் பூசாரிக்கும் வெட்டியானுக்கும் விட்ட மானிய நிலங்கள் ஊர்தோறும் இருந்தன. ஓசூர் மலைமேலுள்ள சந்திரசூடேசுவரர் கோயிலின் கல்வெட்டுகளே, கும்பினியார் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கோயிலும் நிலமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததற்குச் சாட்சி. இங்கிலாந்தில் தசமபாகம் செய்த வேலையை இந்தச் சீமையில் மானியம் செய்துவந்தது. புதிய அரசு அதை மாற்றவில்லை, கணக்கில் ஏற்றிக்கொண்டது. 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், சத்திரச் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடமே கொடுத்தது. ஆக, கிறிஸ்தவ அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒன்று, இந்தச் சீமையின் சைவ வைணவக் கோயில்களுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்தது. ரயத்துவாரி முறையில் அரசுக்கும் உழுபவனுக்கும் நடுவே பட்டா ஒன்றே போதும் என்று ஆனபின், பங்கு என்ற அலகுக்கு அதன் நிர்வாகத்தில் வேலையே இல்லை.

கும்பினியார் கோயிலே கட்டவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சென்னைக் கோட்டைக்குள் புனித மரியாள் கோயில் 1680இலேயே எழுந்துவிட்டது. பெங்களூரில் புனித மாற்கு கோயில் 1808இல் தொடங்கி 1812இல் முடிந்தது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கல்கத்தாவுக்கு ஓர் ஆயரைக் கொடுத்தது. 1835இல் சென்னைக்கும் தனி ஆயர் வந்தார். ஆனால் இந்தக் கோயில்களின் பொருளாதாரம் வேறு. குருவுக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தது. கட்டுமானச் செலவிலும் அரசுப் பணம் இருந்தது. படைவீரனும் அதிகாரியும் அங்கே வந்து தொழுதார்கள், மாற்றல் உத்தரவு வந்ததும் போனார்கள். அரசின் இந்தத் திருச்சபைத் துறை 1930இல் திருச்சபை தனித்தியங்கத் தொடங்கிய பின்னும் நீடித்தது. கல்லறைக் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அந்த ஊரில் இருக்கவே மாட்டார்கள். ஊட்டியின் புனித ஸ்தேவான் கோயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1830ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்தக் கோயிலின் பெரிய தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மகாலிலிருந்து பெயர்த்து மலையேற்றப்பட்டவை. தோற்ற அரசனின் அரண்மனை மரம் வென்றவர்களின் வழிபாட்டுக் கூரையாயிற்று. அழகான கட்டடம் அது, ஐயமில்லை. ஆனால் அதன் மரம், பணம், குரு எதுவுமே அந்த மலையில் வாழ்ந்தவர்களிடமிருந்து வரவில்லை.

இப்போது பிரெட்டின் மாளிகை. 1850களிலும் 60களின் தொடக்கத்திலும் சேலம் ஆட்சியராக இருந்தவர் அவர். ஆட்சியர்கள் சேலத்தின் வெக்கைக்கு அஞ்சி ஓசூரிலேயே தங்கி மாவட்டத்தை நடத்திய காலம் அது. வார்விக்ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் அவர் ஒரு மாளிகை கட்டினார். அசல் கெனில்வொர்த் 1649இலேயே, உள்நாட்டுப் போருக்குப் பின், வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கோட்டை. 1821இல் வால்டர் ஸ்காட் அதே பெயரில் எழுதிய நாவல்தான் அதை மறுபடி மக்கள் மனத்தில் எழுப்பியது. அப்படியென்றால் பிரெட் இங்கே கொண்டுவர விரும்பியது தாம் வாழ்ந்த இங்கிலாந்தை இல்லை, ஏட்டில் படித்த இங்கிலாந்தை என்று நான் கருதுகிறேன். தம் நாட்டின் அடையாளமாக ஒன்றைக் கட்ட நினைத்த ஓர் அதிகாரிக்குக் கோட்டைதான் தோன்றியது என்பது கவனிக்கத் தக்கது. கோட்டையைத் தனியொருவர் கட்டிவிடலாம். அதற்குப் பணமும் கொத்தனும் போதும். அவர் போனபின் அதைப் பழுதுபார்க்க யாருக்கும் கடமை இல்லை. கெனில்வொர்த் அப்படித்தான் கைமாறி, கூரை இழந்து, சிதைந்துபோனது.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் எழும். ஓசூரில் ஆங்கிலேயர் மிகச் சிலரே, அதனால் கோயில் வேரூன்றவில்லை என்பது ஒன்று. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, தொழ விரும்பியவர் அங்கே போயிருப்பார் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அதே சேலம் மாவட்டத்தில் ஏற்காடு இருக்கிறது. அங்கேயும் வெள்ளையர் எண்ணிக்கை பெரிதில்லை. ஆட்சியர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன் பின் தோட்டக்காரர்கள் அங்கே நிலம் வாங்கி, குடும்பத்தோடு தங்கி, அங்கேயே இறந்தார்கள். 1850களில் அங்கே பரிசுத்த திரித்துவ ஆலயம் எழுந்தது, இன்றும் இருக்கிறது. எண்ணிக்கையைவிட நிலம்தான் முடிவு செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெங்களூரின் அருகாமையோ வழிபாட்டுப் பழக்கத்தை மட்டும்தான் விளக்கும். இங்கிலாந்தில் ஊர்க்கோயில்கள் இரண்டு மூன்று மைலுக்கு ஒன்றாக நிற்பதற்குக் காரணம், அங்கே தொழுதவர் கால்நடையாக வந்தவர், பிணத்தைத் தோளில் சுமந்து வந்தவர். குதிரையும் கும்பினிச் சம்பளமும் உள்ளவர் நாற்பது கிலோமீட்டர் போய்த் தொழ முடிந்தது என்றால், அவருக்கு ஊர்க்கோயில் தேவைப்படவில்லை என்றுதான் ஆகிறது.

கட்டடக் கலை பயின்றவர்கள் வேறொரு தடையைச் சொல்வார்கள். ஆங்கிலக் கோதிக் பாணி மென்மையான சுண்ணாம்புக் கல்லில் பிறந்தது. சாளரத்தின் மெல்லிய கல்பின்னலை அந்தக் கல்லில்தான் செதுக்க முடியும். கிருஷ்ணகிரிப் பாறையோ உளியை முறிக்கும் கருங்கல்; இந்தக் கல்லில் அந்தக் கோயில் வராது என்பார்கள். இந்த வாதத்தை ஓரளவுக்கு மேல் ஏற்க முடியாது. கருங்கல் மண்டலமான கார்ன்வாலில் ஊர்க்கோயில்கள் ஏராளம். பெரும்பாலானவை தடித்த சுவரும் எளிய சாளரமுமாகத் தங்களைக் கல்லுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. லான்செஸ்டன் ஊரின் மகதலா மரியாள் கோயிலில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிச்சுவர் முழுவதும் கருங்கல்லிலேயே பூவேலையும் உருவங்களும் செதுக்கினார்கள். நம் பக்கத்திலோ கேட்கவே வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளாகக் கருங்கல்லில் தூணும் யாளியும் கொடுங்கையும் வடித்த கல்தச்சர் மரபு இந்த மேட்டுநிலம் முழுவதும் இருந்தது. நடுகல்லில் வீரனின் குறுவாளையும் கைவளையையும் செதுக்கியவர்களுக்கு ஒரு கூர்வளைவுச் சாளரம் பெரிய வேலை இல்லை. இன்று உலகச் சந்தைக்குப் போகும் கிருஷ்ணகிரிக் கல் அன்றும் இங்கேதான் கிடந்தது. வானிலையையும் காரணம் சொல்ல முடியாது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில், இங்கிலாந்தை நினைவூட்டும் குளிர் என்று அவர்களே புகழ்ந்த ஊர் இது. கல், கைத்திறன், குளிர் மூன்றும் கூடியிருந்தும் அந்தக் கட்டடம் இங்கே வேர்பிடிக்கவில்லை.

இவை எதுவுமே வாய்க்காத இடத்தில்தான் அது வேர்பிடித்தது. தமிழ்நாட்டின் தென்கோடி, செம்மணல் தேரியும் பனையும் கொளுத்தும் வெயிலும் உள்ள திருநெல்வேலிச் சீமை. ஓசூர் கும்பினியார் வசமான அதே 1799இல் அங்கே முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது. துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக, டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில், விலைக்கு வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர் அது. 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தரும சங்கம் அமைத்தார். நிலம் வாங்கி ஊர்கள் அமைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அங்கே முதலில் வந்தது நிலம், அதற்குப் பின் குடி, கடைசியில்தான் கோயில். இங்கிலாந்தில் பங்குகள் உருவான வரிசையும் ஏறக்குறைய இதுவே.

மெய்ஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் ஐயர் கட்டிய பரிசுத்த பவுலின் ஆலயம் 1847இல் வழிபாட்டுக்குத் திறந்தது. பழைய கோயில் புயலில் சேதமான அனுபவத்துக்குப் பின், 192 அடி உயரக் கூர்கோபுரத்தோடு அது எழுந்தது. சுற்றுப்புறத்துப் பனைகளை எல்லாம் தாண்டி மைல் கணக்கில் தெரியும் அந்தக் கோபுரம், ஆங்கிலச் சமவெளிக் கிராமத்தில் கோபுரம் செய்யும் வேலையையே செய்கிறது: ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. அதே 1847இல் இடையன்குடியில் ராபர்ட் கால்டுவெல் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது முடிந்து பிரதிஷ்டை ஆனது 1880இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி வெளியிட்டுவிட்டார், ஆயராகவும் ஆகிவிட்டார். கோதிக் சாளரத்தையே பார்த்திராத உள்ளூர்க் கொத்தர்களுக்கு அவரே களிமண்ணில் அச்சு செய்து காட்டினார். அதைப் பார்த்து அவர்கள் வளைவுகளை எழுப்பினார்கள். எனக்கு அந்த முப்பத்து மூன்று ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. கொத்தனின் மகன் வளர்ந்து அதே சுவரில் வேலை செய்ய அந்தக் காலம் போதுமானது. கருவூலப் பணத்தில் நான்காண்டில் முடிந்த பெங்களூர்க் கோயிலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது ஊரோடு சேர்ந்து வளர்ந்தது என்பது விளங்கும்.

இங்கே கடுமையான மறுப்பு ஒன்று வரும், வரவும் வேண்டும். இந்தக் கோயில்களுக்கும் இங்கிலாந்திலிருந்து பணம் வந்ததே, மிஷனரியின் சொல்தானே அங்கே சட்டமாக இருந்தது, இதை எப்படி மக்களின் கோயில் என்பது? போதாக்குறைக்கு, கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் தம் சபை மக்களைப் பற்றி எழுதியவை அந்தச் சமூகத்தைப் புண்படுத்தின. பின்னாளில் அவர்கள் அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். இவை எல்லாம் உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆங்கில ஊர்க்கோயிலின் பிறப்பும் இதைவிடத் தூய்மையானது இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை நிலப்பிரபு தம் நிலத்தில் தமக்காகக் கட்டியவை. குருவை நியமிக்கும் உரிமை அவருடைய சொத்தாகவே இருந்தது. அதை விற்கவும் வாங்கவும் செய்தார்கள். ஊரார் அந்தக் கோயிலைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது, தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்புச் சுமையைத் தாங்கியதால். திருநெல்வேலியில் நடந்ததும் இதுவே. ஒவ்வொரு வேளையும் சமைக்கும் அரிசியில் ஒரு கைப்பிடியைக் கோயிலுக்கென எடுத்து வைக்கும் பழக்கம், அசனப் பண்டிகைச் சோறு, காணிக்கையாக வந்த கருப்பட்டியையும் வாழைத்தாரையும் ஏலம் விடுவது, சேகரத்துக்கான வருடச் சந்தா எல்லாம் சேர்ந்து மிஷன் கோயிலை ஊர்க்கோயிலாக்கின. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தக் கோயில்கள் கைவிடப்பட்ட வெள்ளையர் சொத்தாக நிற்கவில்லை. ஏனெனில் அவற்றைச் சுமந்தவர்கள் எங்கும் போகவில்லை. கால்டுவெல்கூடப் போகவில்லை, 1891இல் கொடைக்கானலில் இறந்த அவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

எல்லைச் சீமைக்குத் திரும்புவோம். இங்கே பங்கு வாழ்க்கையைத் தேடினால் அது ஆங்கிலேயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே தொடங்கிவிட்டதைக் காண்கிறோம். இத்தாலிய இயேசு சபைக் குரு லியோனார்தோ சின்னமி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். தருமபுரிப் பக்கத்துக் கோவிலூர் போன்ற ஊர்கள் அந்த மரபின் பழைய மையங்கள். எலத்தகிரி, கந்திகுப்பம், மத்திகிரி முதலிய கத்தோலிக்க ஊர்கள் அந்தத் தொடர்ச்சியில் வளர்ந்தவை. 1773இல் ரோம் இயேசு சபையைக் கலைத்தது, குருக்கள் அருகினார்கள். 1770களின் இறுதியில் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்கள் பொறுப்பேற்றபோதும் பரந்த நிலப்பரப்புக்கு ஒருவர் இருவர்தான் இருந்தனர். இதற்கிடையே ஹைதர், திப்பு காலப் போர்கள் இந்தக் கணவாய்கள் வழியாகத்தான் ஏறி இறங்கின. 1799க்குப் பின் மைசூர்க் கிறிஸ்தவர்களைத் திரும்ப ஒழுங்குபடுத்த வந்த துபுவா பாதிரியார் முதலில் தேடியதும் நிலத்தைத்தான்; ஹாசனை அடுத்த சத்தள்ளியில் அவர்களை உழவர்களாகக் குடியமர்த்தினார். 1823இல் அவர் ஊர் திரும்பும்போது இந்தியாவில் மதமாற்றம் இனி நடக்காது என்றே எழுதிவிட்டுப் போனார். அந்தக் கணிப்பு தவறியது. ஆனால் நிலம் தந்தால்தான் சபை நிற்கும் என்ற அவருடைய நடைமுறை அறிவு தவறவில்லை.

குரு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் காலத்தில் இந்த ஊர்களில் கோயிலை நடத்தியவர் யார்? கோயில்பிள்ளையும் ஊர்ப் பெரியவர்களும்தான். கோயில்பிள்ளை செபம் சொல்லிக்கொடுத்தார், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அடக்கத்துக்கு மணி அடித்தார். குரு வந்ததும் திருமணங்களை நடத்திவைத்து ஏட்டில் பதிந்தார். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கிய பதிவு முறை அது. கிராம்வெல்லின் ஆணை ஆங்கிலக் கிராமத்துக்குத் தந்த ஏட்டை, வேறொரு வழியில், ரோம் இந்த ஊர்களுக்குத் தந்தது. இவற்றின் பழைய கோயில்கள் கட்டடமாகப் பெரியவை இல்லை. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, முகப்பில் இரண்டு சிறு தூண்கள், வெளியே ஒரு கல் சிலுவை என்ற அளவில் நின்றவை பல. ஊர் வளர வளர இடித்துப் பெரிதாக்கிக் கட்டினார்கள். திருவிழாவுக்குத் தேர் வந்தது, தேர் திரும்ப வீதி அகன்றது. பழமையை விரும்புபவர்கள், பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்களே என்று வருந்துவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஓர் அளவுப் படமாவது எடுத்துவிட்டு இடித்திருக்கலாம். ஆனால் இடித்து விரிப்பதுதான் ஊர்க்கோயிலின் இயல்பு. சஃபோக்கின் கம்பளி வணிகர்களும் தங்கள் பாட்டன் கட்டியதை இடித்துத்தான் இன்று உலகம் வியக்கும் கோயில்களை எழுப்பினார்கள்.

மத்திகிரியை மட்டும் தனியாகப் பார்த்தால் என் வாதம் முழுவதும் ஒரே ஊருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் 1820களில் ராணுவம் அமைத்த குதிரைப் பண்ணை. பரந்த புல்வெளியும் இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரிகளும் அதில் இருந்தார்கள். இன்னொரு பக்கம் கத்தோலிக்கக் குடியானவர்களின் தெருக்கள். ஆங்கிலேயரின் நிலமும் அதிகாரமும் முதல் பக்கத்தில் இருந்தன. ஆனால் அது படையின் நிலம். யாருக்கும் பரம்பரையாக வராத நிலம். பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாக அரசிடமே இருந்துவிட்டது. பங்குக்கோயில் வளர்ந்தது இரண்டாம் பக்கத்தில்.

இந்த முடிவை இன்றைய ஓசூரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 1970களில் சிப்காட் வந்தது; அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று தொழிற்சாலைகள் தொடர்ந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த இந்த ஊருக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கிறிஸ்தவத் தொழிலாளர்கள் குடிவந்தார்கள். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதற்குள் வந்தன. நிலம்தான் ஊர்க்கோயிலை உண்டாக்குகிறது என்றால், வாடகை வீட்டிலும் கம்பெனிக் குடியிருப்பிலும் வாழும் இவர்கள் எப்படி இத்தனை கோயில்களை நிரப்புகிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி இது. இவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். ஆனாலும் பிரெட்டைப்போலப் போய்விடவில்லை. முதலில் வந்த தலைமுறையில் பலர் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் சொந்த ஊரில் வைத்துக்கொண்டார்கள், இறந்தவரின் உடலை வண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். மனை வாங்கி வீடு கட்டியவர்களின் பிள்ளைகள் இங்கேயே திருமணம் செய்கிறார்கள். இப்போது பங்குக் கூட்டங்களில் கல்லறைக்கு இடம் வேண்டும் என்ற பேச்சு எழுகிறதென்றால், மனை விலை ஏறிக்கொண்டே போகும் இந்த நகரத்தில் அது எளிய கோரிக்கை இல்லை. ஆனால் அந்தக் கோரிக்கை எந்தக் கோயிலில் எழுகிறதோ அங்கே பங்கு பிறந்துவிட்டது என்று நான் கணக்கிடுவேன். அந்தக் கோயிலின் கூரை தகரமா கான்கிரீட்டா என்பது அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

(தொடரும்)